தவணை தவறிய பிறகு வீட்டைக் காப்பது எப்படி

உங்கள் வீட்டுக் கடன் தவணை ஏப்ரல் 5-ஆம் தேதி. அந்த மாதம் கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மே 5-ல் முப்பது நாள் முடிகிறது. ஜூன் 4-ல் அறுபது. ஜூலை 4-ல் தொண்ணூறு. அன்று இரவு வங்கியின் கணினி நாள் கணக்கை முடிக்கும்போது உங்கள் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கிளை மேனேஜர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தாலும் அவரால் அதை நிறுத்த முடியாது.

அதற்குப் பிறகுதான் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலேயே, அடமானமாக வாங்கிய வீட்டைக் கையில் எடுத்து ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் இது. முதலில் 60 நாள் நோட்டீஸ். அது முடிந்ததும் சுவாதீனம். பிறகு 30 நாள் ஏல அறிவிப்பு. முதல் தவணை தவறிய நாளிலிருந்து எண்ணினால் ஏலத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். வீட்டைக் காப்பாற்ற உள்ள வழிகள் எல்லாமே இந்த ஆறு மாதத்துக்குள்தான் இருக்கின்றன. முதல் மாதத்தில் ஏழெட்டு வழி இருக்கும், கடைசி மாதத்தில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். ஆகவே இந்த அத்தியாயத்தை நாள் கணக்கின்படியே எழுதுகிறேன். நீங்கள் எந்த நாளில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு அங்கிருந்து படியுங்கள்.

(வங்கியிலும் வீட்டுக் கடன் நிறுவனத்திலும் வாங்கிய கடன்களுக்கானது இது. தனியாரிடம் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனுக்கும் நடைமுறை வேறு.)

முதல் தொண்ணூறு நாள்

தவணை தவறப்போகிறது என்பது தவறுவதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேலை போயிருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும், கடையில் வியாபாரம் படுத்திருக்கும். அப்போதே வங்கிக்குப் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் போவதில்லை. "பணம் கையில் வந்ததும் போய்ப் பேசிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். கையில் பணம் இல்லாதபோது போவதால்தான் பலன். அதுவரை நல்ல கணக்காக இருக்கும் உங்கள் கணக்கை வங்கி வாராக்கடனாக்க விரும்பாது. அதனால் அவர்களுக்கும் நஷ்டம் உண்டு.

போகும் முன் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மெண்டை வாங்கி மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் வட்டி ரெப்போ விகிதத்தோடு இணைந்ததா, பழைய முறையில் இருக்கிறதா? 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளிப்புற அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். அதற்கு முன் கடன் வாங்கியவர்கள் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே கூடுதல் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிறு கட்டணத்தில் மாற்றிக்கொள்ளலாம். அடுத்து, கடனோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா? கடன் வாங்கியவர் இறந்துபோய், இன்ஷூரன்ஸ் இருப்பதே தெரியாமல் மனைவி தவணை கட்டிக்கொண்டிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, அபராதம். 2024 ஏப்ரலிலிருந்து தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம், அதையும் அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஸ்டேட்மெண்டில் அப்படிச் சேர்த்திருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது காலத்தை நீட்டுவது. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 22,493 ரூபாய். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் பாக்கி 22 லட்சத்து 17 ஆயிரம் இருக்கும். ஐந்து வருடத்தில் கட்டிய பதின்மூன்றரை லட்சத்தில் அசலுக்குப் போனது மூன்று லட்சம்கூட இல்லை. இப்போது மீதமுள்ள 15 வருடத்தை 20 ஆக நீட்டினால் தவணை 19,953-க்கு இறங்கும். மாதம் 2,540 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். அதற்காக மொத்தத்தில் கூடுதலாகக் கட்டப்போவது 7 லட்சத்து 40 ஆயிரம். வீட்டில் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் இடிக்கிறது என்றால் இந்த வழி உதவும். சம்பளமே பாதியாகிவிட்ட வீட்டுக்கு இது போதாது. அவர்கள் கேட்க வேண்டியது வேறு: ஆறு மாதம் தவணையை நிறுத்திவைப்பது, அல்லது அந்த மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டுவது. இதை வங்கி கடன் மறுசீரமைப்பு என்று பதியும். உங்கள் சிபில் அறிக்கையிலும் அது தெரியும். வீடு போவதோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம்.

கேட்பதை வாயால் கேட்காதீர்கள். கவுண்டரில் பேசியதற்கு மறுநாள் சாட்சி கிடையாது. இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள்:

"ஐயா, தங்கள் கிளையில் எனக்கு உள்ள வீட்டுக் கடன் கணக்கு எண் ______. கடந்த 54 மாதங்களாகத் தவறாமல் தவணை கட்டி வருகிறேன். நான் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டதால் பிப்ரவரி முதல் எனக்குச் சம்பளம் இல்லை. என் மனைவியின் வருமானம் மாதம் 16,000 ரூபாய். இதில் மாதம் 9,000 ரூபாய் என்னால் கட்ட முடியும். ஆறு மாதங்களுக்கு இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டு, அதன் பின் தவணையை மாற்றி அமைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வேலை நீக்கக் கடிதமும் மனைவியின் சம்பளச் சீட்டும் இணைத்துள்ளேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இதில் உள்ள எண்கள்தான் கடிதத்தின் உயிர். "கஷ்டத்தில் இருக்கிறேன், கருணை காட்டுங்கள்" என்று எழுதினால் அதை வைத்து மேனேஜர் மேலிடத்துக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதம், அதன் பிறகு எப்படி என்று எழுதினால் அதே தாளில் அவர் சிபாரிசு எழுதி அனுப்பலாம். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

இந்தத் தொண்ணூறு நாளிலும் அதற்கு முன்பும் வேறு சிலவும் முடியும். வட்டி குறைவான இன்னொரு வங்கிக்குக் கடனை மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் கிடையாது. தவணை தவறிய கணக்கை எந்த வங்கியும் எடுத்துக்கொள்ளாது என்பதால் இது தவறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து வீட்டுக் கடனுக்கென்று பணம் எடுக்க வழி உண்டு. சொந்த வீட்டை 15,000-க்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நீங்கள் 7,000 வாடகை வீட்டுக்குப் போவதும் ஒரு வழி. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று பலர் இதை யோசிப்பதே இல்லை. இரண்டு வருடம் அப்படி இருந்து வீட்டை மீட்டுத் திரும்பியவர்கள் உண்டு. வங்கியின் அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நகை இருந்தால்? ஒரு தடவை வந்த செலவால் இரண்டு தவணை தவறியிருக்கிறது, வருமானம் பழையபடி வருகிறது என்றால் நகையைப் போட்டு பாக்கியை அடைத்துவிடலாம். வருமானமே நின்றுபோன வீட்டில் நகையை அடகு வைத்துத் தவணை கட்டினால், நான்கு மாதம் கழித்து நகைக்கும் வட்டி, வீட்டுக்கும் வட்டி என்று இரண்டு கடன் நிற்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது

நான் கடன் வசூல் பிரிவில் இருந்தபோது ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். கணவருக்கு லேத் பட்டறை. ஆர்டர் நின்றுபோனது. பையிலிருந்து ஏழு கவர்களை எடுத்து வைத்தார். எதுவும் பிரிக்கப்படவில்லை.

"ஏம்மா பிரிக்கலை?"

"பிரிச்சா என்ன, பிரிக்காட்டி என்ன சார். பணம் கட்டுன்னுதானே இருக்கப்போவுது."

ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐந்து சாதாரண நினைவூட்டல். ஆறாவது, கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது என்ற கடிதம். ஏழாவது சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். அதன் தேதியை எண்ணிப் பார்த்தேன். 60 நாளில் 52 நாள் போயிருந்தது.

அவர்கள் கட்டாமல் இருந்தவர்கள் இல்லை. எட்டு மாதமாக ஐயாயிரம், நாலாயிரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். "ஏதோ கட்டிட்டுதான் இருக்கோம், வீட்டுமேல கை வைக்க மாட்டாங்க" என்று நம்பியிருந்தார்கள். இந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது, இது தவறு. ஒருமுறை வாராக்கடன் ஆன கணக்கு, அசல், வட்டி இரண்டிலும் உள்ள பாக்கி முழுவதையும் கட்டி முடித்தால்தான் மறுபடி நல்ல கணக்காகும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு தவணையைக் கட்டிக் கணக்கைப் புதுப்பிக்கும் பழைய வழக்கம் இனி நடக்காது. அதனால் 85-ஆம் நாளில் கையில் 40,000 இருந்தால், அதில் இரண்டு தவணையாவது முழுதாக அடைபடுமா என்று பாருங்கள். மிகப் பழைய தவணை தொண்ணூறு நாளைத் தாண்டாமல் இருந்தாலே கணக்கு தப்பிக்கும். அதே 40,000-ஐ 95-ஆம் நாளில் போட்டால் கடனில் குறையும், ஆனால் நடவடிக்கை நிற்காது.

அறுபது நாள் நோட்டீஸ்

இந்த நோட்டீஸைக் கண்டதும் வக்கீலைப் பார்க்க ஓடுகிறார்கள். பார்க்கட்டும். ஆனால் இந்தக் கட்டத்தில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. நோட்டீஸை மட்டும் எதிர்த்து வழக்குப் போட சட்டத்தில் இடமில்லை. சிவில் கோர்ட்டும் இதில் தலையிடாது. செய்யக்கூடியது, செய்தே ஆக வேண்டியது, பதில் எழுதுவது. நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் அதை வங்கி பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணத்தை 15 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டி வந்த உரிமை இது. வங்கி பதில் தராமலேயே அடுத்த கட்டத்துக்குப் போனால், பின்னாளில் தீர்ப்பாயத்தில் அதுவே உங்களுக்குப் பலமான வாதமாக நிற்கும். பதிலே எழுதாதவருக்கு அந்த வாதம் கிடையாது.

பதிலில் எதை எழுதுவது? கணக்கில் தப்பு இருந்தால் தேதியோடு எழுதுங்கள். கட்டிய தொகை வரவாகவில்லை என்றால் ரசீதை இணையுங்கள். நோட்டீஸில் விவசாய நிலம் சேர்ந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். விவசாய நிலத்தின்மேல் இந்தச் சட்டம் செல்லாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலும் செல்லாது. கடனின் பெரும்பகுதியைக் கட்டி முடித்து, கடைசி வருடங்களில் தடுமாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆட்சேபம் எதுவும் இல்லாவிட்டாலும், எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்ற திட்டத்தையாவது எழுதிக் கொடுங்கள்.

ஜாமீன் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும். உங்கள் மைத்துனரோ நண்பரோ அதைத் தபால்காரர் கையில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தபந்தங்கள் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்கான உதவி எண் 14448. வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் செய்யலாம்.

நீங்களே விற்பது

இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். மற்ற எந்த வழியும் சரிவராது என்று தெரிந்த நாளில், வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். வங்கி ஏலத்தில் வீட்டின் விலையை வங்கியின் மதிப்பீட்டாளர் தரும் தொகையை வைத்து முடிவு செய்கிறார்கள். ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் குறைக்கிறார்கள். வாங்க வருபவரும் ஏலச் சொத்து என்பதால் மலிவாகத்தான் கேட்பார். ஏலச் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கடன் போக மீதி இருந்தால் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விலை குறையக் குறைய அந்த மீதியும் குறையும். ஏலத் தொகை கடனுக்கே போதாவிட்டால் மிச்சத்துக்கும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

மஞ்சப்பையோடு வந்த அம்மாவின் வீட்டில் கடன் பாக்கி 18 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதே தெருவில் ஒருவர் 46 லட்சத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர், "கட்டின வீட்டை எப்படி விக்கிறது" என்று பேசவே மறுத்துவிட்டிருந்தார். மீதமிருந்த எட்டு நாளில் முதல் நான்கு நாள் அவரைச் சம்மதிக்க வைப்பதிலேயே போனது. ஏலம் என்றால் கையில் எவ்வளவு வரும், தானே விற்றால் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் அந்த அம்மாவே பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகு கணவர் ஒன்றும் பேசவில்லை. வாங்குபவரின் சம்மதக் கடிதத்தோடு 59-ஆம் நாள் வங்கிக்கு எழுதிக் கொடுத்தார்கள். விற்பனை முடியும் வரை வங்கி பொறுத்துக்கொண்டது. கடனும் புரோக்கர் கமிஷனும் போக 27 லட்சம் கையில் நின்றது. இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு சின்ன ஃபிளாட்டைக் கடன் இல்லாமல் வாங்கினார்கள்.

இதில் ஒரு சட்டக் கண்ணி இருக்கிறது. 60 நாள் நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வங்கியிடம் கணக்கை முடிக்க வேண்டிய மொத்தத் தொகையைத் தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள். வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும் கேளுங்கள். வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது அதுதான். பிறகு விற்பனைக்குச் சம்மதக் கடிதம். பிறகு கிரய ஒப்பந்தம், அதில் கடன் தொகை நேரடியாக வங்கியின் கடன் கணக்குக்கு டிடியாகப் போக வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். வாங்குபவரும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார் என்றால் அவர் வங்கியே உங்கள் வங்கிக்குப் பணத்தைக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும்.

கதவில் ஒட்டிய பிறகு

60 நாளும் முடிந்துவிட்டால் வங்கியின் அதிகாரி வந்து கதவில் சுவாதீன அறிவிப்பை ஒட்டுவார். ஏழு நாளுக்குள் அது இரண்டு செய்தித்தாள்களில் வரும், அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகை. அன்றைக்குத் தெருவே கூடிவிடும். பலர் அன்றிரவே வீட்டைக் காலி செய்துவிடுகிறார்கள். வேண்டாம். இது பெரும்பாலும் காகித அளவில் எடுக்கும் சுவாதீனம்தான். உங்களை வெளியேற்ற வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி தனியாக உத்தரவு வாங்க வேண்டும்.

இந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. மனுப் போடுவதற்கென்று கடனில் ஒரு பங்கை முன்கூட்டிக் கட்ட வேண்டியதில்லை. முன்பு இருந்த 75 சதவீத நிபந்தனையை மார்டியா தீர்ப்பே நீக்கிவிட்டது. ஆனால் ஏலத்துக்குத் தடை கேட்கும்போது ஒரு தொகையைக் கட்டச் சொல்லி உத்தரவிடுவது வழக்கம், அதற்குத் தயாராகப் போங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். உதவி எண் 15100.

தீர்ப்பாயம் பார்ப்பது நடைமுறையில் தவறு இருக்கிறதா என்பதைத்தான். நோட்டீஸ் சரியாகச் சேர்ந்ததா, ஆட்சேபத்துக்குப் பதில் வந்ததா, மதிப்பீடு செய்தார்களா, ஏலத்துக்கு 30 நாள் விட்டார்களா. தவறு எதுவும் இல்லையென்றால் வழக்கு கொஞ்சம் காலத்தைத் தரும், வீட்டைத் தராது. அந்தக் காலத்தில் பணத்தையோ வாங்குபவரையோ தேடுங்கள்.

ஒரு தேதியை மனதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முழுக் கடனையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்புவரைதான். 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் இது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏலம் நடக்கும் நாள் காலையில் பணத்தோடு போய் நின்றால் போதும் என்று நினைத்திருந்தவர்கள் வீட்டை இழந்திருக்கிறார்கள்.

ஒன் டைம் செட்டில்மெண்ட்

மொத்தப் பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்து, மீதியை ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இது உரிமை ஆகாது, வங்கியைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடனைவிட வீட்டின் விலை அதிகமாக இருக்கும்போது வங்கி எளிதில் இறங்கி வராது. கேட்பதில் தவறில்லை, மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாட்களில் கேட்டால் அதிகாரிகள் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு வந்திருப்பார்கள். கையில் பணம் தயாராக இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொன்ன தேதியில் கட்டாவிட்டால் சலுகை ரத்தாகி முழுத்தொகையும் திரும்பி வரும், முன்பணமாகக் கட்டியது கடனில் போய்விடும். சிபிலில் 'செட்டில்டு' என்று பதிவாகும், சில வருடங்களுக்குப் புதிய கடன் கிடைப்பது கஷ்டம்.

உதவுகிறேன் என்று வருபவர்கள்

சுவாதீன அறிவிப்பு பேப்பரில் வந்த மறுநாளே போன்கள் வரும். "பேங்கை நாங்க செட்டில் பண்றோம், நீங்க ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்க." பவர் பத்திரமோ கிரய ஒப்பந்தமோ எதையும் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்காதீர்கள். வங்கியிடமாவது நாள் கணக்கும் நோட்டீஸும் தீர்ப்பாயமும் உண்டு. இவர்களிடம் எதுவும் கிடையாது. கந்துவட்டிக்கு வாங்கி வங்கிப் பாக்கியை அடைப்பதும் இதே கிணறுதான். அதிக வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். வெற்றுக் காசோலையிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட பிறகு, அந்தப் புகாரை நிரூபிப்பதற்குள் உயிர் போய்விடும்.

கணக்கு முடிந்ததும்

பாக்கி அடைத்தோ, விற்றோ, செட்டில்மெண்டிலோ, எப்படி முடித்தாலும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை அன்றைக்கே கேளுங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி உங்கள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. பத்திரங்கள் கைக்கு வந்ததும் பட்டியலோடு ஒவ்வொரு தாளாகச் சரிபாருங்கள். பிறகு வங்கி அதிகாரியோடு சார்-பதிவாளர் அலுவலகம் போய், கடனின்போது பதிவு செய்த உரிமை ஆவண ஒப்படைப்புக்கு ரத்து ரசீது பதியுங்கள். ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்தப் பதிவு அதில் ஏறியிருந்தால்தான் கடன் வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு.